நூலக முற்றத்தில் ஒரு குச்சி

நண்பகலில் உங்கள் நிழல் எந்தத் திசையில் விழும்? மேலே படிக்குமுன் ஒரு நொடி எண்ணிப் பாருங்கள்.

"வடக்கே விழும்" என்று நீங்கள் விடை கூறினால், பாடநூல்களை ஒழுங்காகப் படித்தவர் என்று பொருள். நாம் வாழ்வது நிலநடுக்கோட்டுக்கு வடக்கே. ஆகவே கதிரவன் நமக்குத் தெற்கே இருக்கிறான். ஆகவே நிழல் வடக்கே விழுகிறது. இந்த வாதத்தில் குறை ஏதும் தெரியவில்லை அல்லவா? ஆனால் கோடை நாள்களில் தமிழ்நாட்டுக்கு இது பொருந்தாது. கல்லூரியில் பத்தாண்டுகளாக இயற்பியல் கற்பித்து வரும் எனக்கு, இது கணக்கில் தெரியும், கண்ணால் பார்த்ததில்லை. பார்க்க வைத்தவள் ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி. பார்த்த இடம் எங்கள் ஊர்க் கிளை நூலகத்தின் முற்றம்.

எங்கள் ஊர் கோவைக்கு அருகில் உள்ளது. நூலகம் என்பது இரண்டு அறைகளும், ஒரு வேப்பமரமும், சிமெண்டு பூசிய சிறு முற்றமுந்தான். வெள்ளிக்கிழமை விடுமுறை, ஞாயிறன்று திறந்திருக்கும். சென்னையில் 2010-இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், மதுரையில் 2023-இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகளுக்கென்றே தனிப் பகுதிகள் அழகாக அமைந்துள்ளன. எங்களிடம் இருந்ததோ ஓர் அலமாரி. அதற்கும் பூட்டு உண்டு. கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்கு ஏதாவது செய்யுங்கள் என்று வாசகர் வட்டத்தினர் என்னைக் கேட்டுக்கொண்டனர். 2025 ஏப்ரல் கடைசி ஞாயிறன்று "விண்வெளி விந்தைகள்" என்ற தலைப்பில் ஒரு மணி நேரம் பேசினேன். தொடங்கும்போது இருபது பிள்ளைகள் இருந்தனர். முடிக்கும்போது ஆறு பேர். பெற்றோர் யாரும் உள்ளே வரவில்லை. பிள்ளைகளை வாயிலில் இறக்கிவிட்டுப் போய்விட்டனர். குற்றம் பிள்ளைகளுடையது அன்று.

நாற்காலிகளை அடுக்கும்போது நூலகர் சொன்னார்: "நீங்க சொன்னதெல்லாம் அந்த அலமாரியிலேயே இருக்குதுங்க சார். படிச்சுட்டுச் செஞ்சு பார்க்கிற மாதிரி ஏதாவது வைக்கலாமுங்களே."

அடுத்த ஞாயிறு, மே 4. அலமாரியைத் திறந்து, எளிய சோதனைகள் அடங்கிய சிறுவர் நூல் ஒன்றை எடுத்தோம். பிறநாட்டு நூலொன்றின் தமிழாக்கம் அது. நிழற்கடிகாரம் செய்யும் முறை அதில் இருந்தது. வெட்டவெளியில் ஒரு குச்சியை நடுக. அதன் நிழல்முனையை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை குறித்து வருக. நிழல் மிகக் குறுகியிருக்கும் நேரமே உண்மையான நண்பகல். அப்போது நிழல் சரியாக வடக்கைக் காட்டும். பிள்ளைகள் ஒரு மீட்டர் உயரமுள்ள குச்சியை மணல் வாளியில் நட்டு, பதினொன்றரை மணியிலிருந்து சுண்ணக்கட்டியால் குறிக்கத் தொடங்கினர். 12 மணி 20 நிமிடத்தை ஒட்டி நிழல் மிகக் குறுகியது. திசைகாட்டியை வைத்துப் பார்த்தோம். நிழல் தெற்கே விழுந்திருந்தது.

அந்த மாணவி நூலை ஒருமுறை பார்த்தாள். தரையை ஒருமுறை பார்த்தாள். "சார், புக்கு தப்பா, குச்சி தப்பா?" என்று கேட்டாள்.

இந்தக் கேள்விக்கு உடனே விடை சொல்லிவிடலாம். ஆனால் எனக்கு முன்னே விடை சொன்னவர் அவளுடைய அம்மிச்சி. பேத்தியை அழைத்துப் போக வந்தவர், வேப்பமரத்தடியில் நின்று நாங்கள் செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இதுல என்னங்க அதிசயம்? சித்திரை பாதி போச்சுன்னா உச்சி வெயில் வடக்குப் பக்கந்தானுங்களே. வடகம் காயப்போடறதே வடவாசல்லதான்" என்றார். பள்ளிக்கூடம் போகாத அந்த மூதாட்டி ஆண்டுதோறும் வெயிலைப் பின்தொடர்ந்து முறத்தை நகர்த்தி வந்திருக்கிறார். நூலை எழுதியவருக்கு அந்த வாய்ப்பு இல்லை.

காரணத்தைக் காண்போம். பூமியின் அச்சு ஏறத்தாழ 23½ டிகிரி சாய்ந்துள்ளது. அச்சாய்வு மாறாமலே பூமி கதிரவனைச் சுற்றி வருவதால், நண்பகலில் கதிரவன் தலைக்கு நேர் மேலே நிற்கும் அகலக்கோடு நாள்தோறும் மாறுகிறது. மார்ச் 21-ஐ ஒட்டி அது நிலநடுக்கோடு, ஜூன் 21-ஐ ஒட்டிக் கடகரேகை, பிறகு திரும்பி, செப்டம்பரில் மீண்டும் நிலநடுக்கோடு, டிசம்பரில் மகரரேகை. கடகரேகைக்கு வடக்கே உள்ள ஊர்களைக் கதிரவன் ஒருநாளும் தாண்டிச் செல்வதில்லை. இலண்டனிலும் பாரிசிலும், ஏன், தில்லியிலுங்கூட, நண்பகல் நிழல் ஆண்டு முழுவதும் வடக்கேதான் விழும். அங்கே அந்த நூல் முழு உண்மை. தமிழ்நாடோ ஏறத்தாழ 8 டிகிரிக்கும் 13½ டிகிரிக்கும் இடையே உள்ளது. கதிரவன் வடக்கே போகும்போது நம்மைத் தாண்டிச் சென்று, சில மாதங்கள் நமக்கு வடக்கே தங்கி, திரும்பும்போது மறுபடியும் நம்மைத் தாண்டுகிறான்.

தாண்டும் அந்த இரண்டு நாள்களில் நண்பகலில் நிழலே வெளியே நீளாது. பொருளின் அடியிலேயே ஒடுங்கிவிடும். கன்னியாகுமரியில் ஏப்ரல் 10-ஐயும் செப்டம்பர் 1-ஐயும் ஒட்டி இது நிகழும். கோவையில் ஏப்ரல் 18, ஆகஸ்ட் 24; சென்னையில் ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18. ஆண்டுக்கு ஆண்டு ஒரு நாள் முன்பின் ஆகலாம். உங்கள் ஊர் இவற்றுக்கு இடையே எங்கே உள்ளது என்று நிலப்படத்தில் பார்த்தால், உங்கள் நாள்களை நீங்களே மதிப்பிட்டுக்கொள்ளலாம். இந்த இரு நாள்களுக்கும் இடைப்பட்ட காலத்தில்தான் நண்பகல் நிழல் தெற்கே விழுகிறது. எங்களுக்கு அது நான்கு மாதங்களுக்குச் சற்று மேல். ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு!

ஆகவே குச்சி தவறன்று. ஆனால் குச்சியிலும் ஒரு தவறு இருக்கத்தான் செய்தது. மே 4 அன்று எங்கள் ஊரில் ஒரு மீட்டர் குச்சிக்கு நண்பகல் நிழல் ஏறத்தாழ 9 செ.மீ. இருக்க வேண்டும். நாங்கள் அளந்ததோ 11 செ.மீ. மணல் வாளியில் நட்ட குச்சி செங்குத்தாக நிற்கவில்லை. ஒரே ஒரு டிகிரி சாய்ந்தாலும் நிழல்முனை 1¾ செ.மீ. நகர்ந்துவிடும்.

இந்தக் குறையைத் தீர்த்தவர் ஒரு மாணவனின் தந்தை. கொத்து வேலை செய்பவர். மகனை விட்டுவிட்டு வாயிலுக்கு வெளியே சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். நூலகர் உள்ளே அழைத்தபோது, "நாங்கெல்லாம் உள்ள வரலாமுங்களா?" என்று கேட்டார். இவ்வாறு கேட்க நேர்ந்ததை எண்ணி நாம் வெட்கப்பட வேண்டும். சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் 1948-இலேயே நிறைவேறிவிட்டது. அதற்காகப் பெரிதும் உழைத்தவர் எஸ். ஆர். அரங்கநாதன்; சீர்காழியில் பிறந்து, கணித ஆசிரியராக இருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். அச்சட்டத்தின்படி உள்ளாட்சிக்கு நாம் செலுத்தும் வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்ந்தே வாங்கப்படுகிறது. அந்தக் கொத்தனார் தம் வீட்டுக்கு வரி கட்டும்போதெல்லாம் இந்த நூலகத்துக்கும் கட்டிவந்திருக்கிறார். கட்டியவருக்கு அது தெரியாது. வாங்கியவர்கள் யாரும் சொல்லவுமில்லை.

அடுத்த வாரம் அவர் தூக்குக்குண்டும் ரசமட்டமும் கொண்டுவந்தார். முற்றத்தின் ஒரு மூலை முழுதும் சமமட்டம் அன்று என்று கண்டு, ஒரு பலகையை வைத்து அடியில் ஆப்பு செருகி மட்டம் பிடித்தார். குச்சியை நான்கு பக்கமும் நூல்கட்டிச் செங்குத்தாக நிறுத்தினார். பல ஆண்டுகளாகச் செய்முறை வகுப்பு நடத்தும் நான் பேசாமல் அருகில் நின்று கற்றுக்கொண்டேன். அன்று நிழல் 12 செ.மீ. கணக்குப்படியும் 12-ஐச் சற்றே தாண்டியது.

இன்னொரு தொல்லையும் இருந்தது. நிழலின் முனை கூர்மையாக இல்லை, மங்கலாகக் கரைந்தது. ஒரு பிள்ளை குறித்த இடத்துக்கும் மற்றொரு பிள்ளை குறித்த இடத்துக்கும் அரை செ.மீ. வேறுபட்டது. கதிரவன் ஒரு புள்ளியன்று. வானில் ஏறத்தாழ அரை டிகிரி அகலமுள்ள வட்டத்தட்டு. தட்டின் ஒரு விளிம்பிலிருந்து வரும் ஒளி மறைந்த இடத்திலும் மறு விளிம்பின் ஒளி விழுகிறது. அதனால் கருநிழலைச் சுற்றி அரைநிழல் உண்டாகிறது. முனையிலிருந்து ஒரு மீட்டர் தொலைவில் அதன் அகலம் ஏறத்தாழ 9 மில்லிமீட்டர். குச்சியை நீளமாக்கினால் தீருமா? தீராது, நிழல் நீளும் அதே விகிதத்தில் மங்கலும் அகலும். வேறு வழி உண்டு. குச்சியின் உச்சியில் ஓர் அட்டையைக் கிடையாகப் பொருத்தி, குச்சியை ஒட்டினாற்போல் 3 மில்லிமீட்டர் துளை ஒன்று இடுங்கள். அட்டையின் நிழல் நடுவே சிறிய ஒளிவட்டம் விழும். அது துளையின் வடிவம் அன்று, கதிரவனின் பிம்பம்! அவ்வட்டத்தின் நடுவைக் குறியுங்கள். ஐந்து பிள்ளைகள் குறித்தாலும் ஏறக்குறைய ஒரே இடத்தில் குறிப்பார்கள். நீளத்தை அளக்கும்போது துளைக்கு நேர் கீழே உள்ள புள்ளியிலிருந்து அளக்க வேண்டும். அதைத் தூக்குக்குண்டு காட்டிவிடும். தரையில் விழும் பிம்பத்தை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம். கதிரவனை நேரே பார்ப்பது மட்டும் ஒருபோதும் கூடாது. துளை வழியாக அண்ணாந்து பார்ப்பதும் கூடாது. இதைப் பிள்ளைகளுக்கு மும்முறை சொல்லுங்கள்.

மழைக்காலம் தொடங்கியபின் சில வாரங்கள் குச்சிக்கு வேலையில்லை. அப்போதுதான் பிள்ளைகளுக்கு எரடோஸ்தெனீஸ் கதையைச் சொன்னேன். முதல் வாரத்தில் சொல்லியிருந்தால் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். ஏறத்தாழ 2200 ஆண்டுகளுக்கு முன், எகிப்தில் அலெக்சாந்திரியா நகரின் பெரும் நூலகத்துக்குத் தலைவராக இருந்தவர் அவர். ஆம், ஒரு நூலகர்! தெற்கே சையீன் என்ற ஊரில், இன்றைய அஸ்வானில், கோடையின் நெடும்பகல் நாளன்று நண்பகலில் பொருள்களுக்கு நிழல் விழுவதில்லை என்று அவர் அறிந்திருந்தார். அதே நேரத்தில் அலெக்சாந்திரியாவில் நிழல் விழுந்தது. அந்த நிழலின் கோணத்தை அளந்தார். வட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்கு, அதாவது 7 டிகிரிக்குச் சற்று மேல். கதிரவன் மிகத் தொலைவில் உள்ளதால் அதன் கதிர்கள் இரு ஊர்களிலும் இணையாகவே விழுகின்றன. கதிர் வளையவில்லை, ஆகவே வளைந்திருப்பது தரை. இரு ஊர்களுக்கும் உள்ள தொலைவு 5000 ஸ்டேடியா எனில், உலகின் சுற்றளவு அதைப்போல் ஐம்பது மடங்கு, 2,50,000 ஸ்டேடியா. ஸ்டேடியா என்பதன் நீளம் இன்றைய அளவில் எவ்வளவு என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. முறையில் ஐயமே இல்லை.

"நாமும் பண்ணலாமா சார்?" என்றாள் அதே மாணவி. அவளுடைய பெரியப்பா தில்லியில் வேலை பார்க்கிறார். நிலப்படத்தை விரித்தோம். நல்லூழ் என்றே சொல்ல வேண்டும்: கோவையும் தில்லியும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில், 77 டிகிரியை ஒட்டி அமைந்துள்ளன. ஒன்று மற்றொன்றுக்கு நேர் வடக்கு.

ஆகஸ்ட் 24 ஞாயிற்றுக்கிழமையாகவே வாய்த்தது. எங்கள் நிழலில்லா நாள். அன்று பிள்ளைகளைவிடப் பெரியவர்களே அதிகம் வந்திருந்தனர். பலகையின்மேல் டம்ளர்கள், தண்ணீர்ப் புட்டிகள், ஒரு சொம்பு, அம்மிச்சியின் வெற்றிலை உரல். மேகம் மூடுவதும் விலகுவதுமாக இருந்தது. 12 மணி 24 நிமிடத்தை ஒட்டி இரண்டு நிமிடம் வெயில் அடித்தது. டம்ளர்களின் நிழல்கள் அவற்றின் அடிக்குள் புகுந்துகொண்டன. ஆனால் தில்லியில் குச்சிக்கு நிழலே கிட்டவில்லை; அங்கேயும் மேகம்.

பிள்ளைகள் மிகவும் சோர்ந்து போயினர். ஓராண்டு காத்திருக்க வேண்டுமோ என்று எண்ணினர். வேண்டியதில்லை. எரடோஸ்தெனீசுக்கு நிழலில்லா நாள் வசதியாக அமைந்தது, அவ்வளவே. ஒரே நாளில் இரண்டு ஊர்களிலும் நண்பகல் நிழலை அளந்து, இரு கோணங்களின் வேறுபாட்டைக் கண்டால் போதும். இரு நிழல்களும் ஒரே பக்கம் விழுந்தால் கோணங்களைக் கழிக்க வேண்டும். எதிரெதிர்ப் பக்கம் விழுந்தால் கூட்ட வேண்டும்.

செப்டம்பர் 21, ஞாயிறு. எங்கள் முற்றத்தில் 12 மணி 15 நிமிடத்தை ஒட்டி நிழல் 18½ செ.மீ. தில்லியில் மொட்டைமாடியில் பெரியப்பாவும் அவர் பிள்ளைகளும் அளந்து தொலைபேசியில் சொன்னது 53 செ.மீ. இரண்டுமே வடக்கே. பழைய செய்தித்தாள்களை நூலகத் தரையில் ஒட்டி விரித்து, ஒரு மீட்டர் குச்சியையும் நிழலையும் உண்மை அளவிலேயே வரைந்து, கரும்பலகைக் கோணமானியால் கோணங்களை அளந்தோம். எங்களுக்கு 10½ டிகிரி, தில்லிக்கு 28 டிகிரி. வேறுபாடு 17½.

தொலைவுக்கு ஒரு தந்தை இரயில் கிலோமீட்டரைச் சொன்னார். இரயில் வளைந்து வளைந்து செல்லும். நமக்கு வேண்டியது நேர்த்தொலைவு. அட்லசில் அளவுகோலை வைத்து அளந்ததில் 1950 கி.மீ. வந்தது. 17½ டிகிரிக்கு 1950 எனில் 360 டிகிரிக்கு எவ்வளவு? 40,114 கி.மீ. துருவங்கள் வழியாக அளந்த உண்மைச் சுற்றளவு ஏறத்தாழ 40,008 கி.மீ.

கைதட்டல் எழுந்தது. நான் சற்றுத் தடுக்க வேண்டியதாயிற்று. கோணத்தில் அரை டிகிரி தவறியிருந்தால் விடை 39,000 என்றோ 41,300 என்றோ வந்திருக்கும். எங்கள் கோணமானியில் அரை டிகிரிக்குக் குறைவாகப் படிப்பதே கடினம். ஆகவே இவ்வளவு நெருங்கி வந்ததில் திறமைக்கும் பங்குண்டு, வாய்ப்புக்கும் பங்குண்டு. நூலகத்துக்குத் தேர்வு நூல்கள் படிக்க வரும் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவர் இதைவிடக் கூர்மையான தடை ஒன்றை எழுப்பினார்: "அட்லஸ் வரைந்தவருக்கு உலகத்தின் அளவு முன்பே தெரியும். அதில் தொலைவை எடுத்துக்கொண்டு உலகை அளந்தோம் என்று சொல்லலாமா?"

நல்ல கேள்வி. அந்த அளவுகோலுக்குப் பின்னால் தரையில் அளந்த அளவு உண்டு. 1802-இல் வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலையருகே சங்கிலியால் ஓர் அடிக்கோட்டை அளந்து, முக்கோணங்களை அடுக்கிக்கொண்டே நாட்டை அளக்கத் தொடங்கினார். குமரி முனைப் பக்கத்திலிருந்து இமய அடிவாரம் வரை 78 டிகிரி தீர்க்கரேகையை ஒட்டிச் சென்ற அந்த அளவை, அவருக்குப்பின் ஜார்ஜ் எவரெஸ்ட் முடித்தார். நாங்கள் எடுத்துக்கொண்ட கோவை–தில்லிக் கோடு அதற்கு அருகிலேயே ஓடுகிறது. எனவே தொலைவு பிறர் உழைப்பு. கோணம் மட்டுமே எங்களுடையது. எரடோஸ்தெனீசுக்கும் 5000 ஸ்டேடியாவை அளந்து தந்தவர்கள் வேறு யாரோதான்.

பிள்ளைகளின் குறிப்பேட்டில் இன்னொரு புதிரும் எஞ்சியது. நண்பகல் ஏன் 12 மணிக்கு வரவில்லை? இந்திய நேரம் 82½ டிகிரி தீர்க்கரேகைக்கு உரியது. நாம் அதற்கு மேற்கே 5½ டிகிரி தள்ளி இருக்கிறோம்; டிகிரிக்கு 4 நிமிடம் வீதம் 22 நிமிடம் பிந்துகிறது. அப்படியானால் மே மாதத்தில் 12.19, ஆகஸ்டில் 12.24, செப்டம்பரில் 12.15 என்று மாறுவானேன்? பூமியின் பாதை நீள்வட்டம்; அதனால் அதன் வேகம் ஆண்டு முழுவதும் ஒரே சீராக இல்லை. அச்சின் சாய்வும் சேர்ந்துகொள்கிறது. இவ்விரண்டாலும் கதிரவன் நம் கடிகாரத்தைவிடச் சில நாள்களில் முந்தியும் சில நாள்களில் பிந்தியும் உச்சிக்கு வருகிறான். வாரம் ஒருமுறை ஓராண்டு குறித்து வந்தால் இந்த ஏற்ற இறக்கத்தை நீங்களே வரைந்துவிடலாம். குறித்து வருகிறோம்.

நீங்கள் செய்வதாயின் உங்கள் நூலகரிடம் கேளுங்கள். முற்றம் இல்லாவிட்டால் மாடியே போதும். வேறு ஊரில் உள்ள அத்தையோ மாமாவோ ஒருவரைத் துணைக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள். வடக்குத் தெற்காக எவ்வளவு தொலைவோ அவ்வளவு நல்லது. திருப்பூருக்கும் கோவைக்கும் இடையே முயன்றால் பிழையே மிஞ்சும்.

அந்தச் சிறுவர் நூலை என்ன செய்வது என்ற பேச்சும் வந்தது. எடுத்துவிடலாம் என்றார் ஒருவர். மாணவி மறுத்தாள். ஒரு சீட்டில் தன் கையெழுத்தில் எழுதி அந்தப் பக்கத்தில் ஒட்டினாள்: "இதில் சொல்லியது எங்கள் ஊருக்கு ஆகஸ்ட் 25 முதல் ஏப்ரல் 17 வரை சரி. மற்ற நாள்களில் நிழல் தெற்கே விழும். தில்லிக்கு ஆண்டு முழுவதும் சரி." நூலகர் அதைப் படித்துப் பார்த்துவிட்டு, கீழே நூலக முத்திரையை இட்டார்.